எண்ணெய் எங்கே அடித்தாய்?

போன ஜனவரியில் ஒரு நாள், பிற்பகல் மூன்றரை மணி இருக்கும். திருகோணமலை உப்புவெளியில் வாடைக்காற்றோடு மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. தம்புள்ளையிலிருந்து ஏற்றிவந்த மரக்கறியைச் சந்தையில் இறக்கிவிட்டு, லொறியை வளவுக்குள் நிறுத்திப் படங்கைக் காயப்போட இடம் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது போன் அடித்தது. கனடாவிலிருந்து அக்காவின் மகன். ஒன்ராறியோவில் அப்போது விடியற்காலை ஐந்து மணி. அந்த நேரத்தில் அங்கிருந்து அழைப்பு வந்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

“மாமா, லொறி ஸ்டார்ட் ஆகுது, ரெண்டு நிமிசம் ஓடுது, பிறகு இழுத்திழுத்து நிண்டுடுது. மூண்டு தரம் பாத்திட்டன்.”

“எங்க நிக்கிறாய்?”

“ஹேர்ஸ்டில. வெளியில மைனஸ் முப்பத்திமூண்டு. காத்தோட சேத்தா நாப்பத்தஞ்சு எண்டு காட்டுது.”

“காத்தை விடு. எண்ணெய் எங்க அடிச்சாய்?”

காற்றை விடு என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. காற்றோடு சேர்த்துச் சொல்லும் பாகை மனிதத் தோலுக்கான கணக்கு. காற்று அடித்தால் லொறி சீக்கிரமாகக் குளிரும், அவ்வளவுதான். வெளியில் இருக்கும் பாகைக்குக் கீழே அது டீசலைக் கொண்டுபோகாது. டீசலுக்கு அன்றைக்கு மைனஸ் 33தான். அதுவே போதும், வேறு எதுவும் தேவையில்லை.

எண்ணெய் எங்கே அடித்தாய் என்ற கேள்வி என்னுடையது அல்ல. 2011 ஜனவரியில் அதே ஹேர்ஸ்டில், அதே மாதிரி ஒரு விடியற்காலையில், என்னிடம் ஒருவர் கேட்டது. அந்தக் கதையைச் சொல்லாமல் இந்த விஷயம் விளங்காது.

நான் சீனன்குடாப் பக்கம் வளர்ந்தவன். வெள்ளைக்காரன் தன் கடற்படைக்கென்று கட்டிய எண்ணெய்க் குதங்கள் 99 அங்கே நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும். பல குதங்கள் காட்டுக்குள் கொடி படர்ந்து கிடக்கும். கீழே இருப்பவற்றிலிருந்து பவுசர்கள் நிரம்பி வெளியே போகும். அதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு டீசல் என்றால் ஒரே டீசல்தான். தண்ணீர் எப்படித் தண்ணீரோ அப்படி. கலப்படம் செய்தால்தான் கெடும், மற்றபடி எங்கே அடித்தாலும் ஒன்றுதான் என்ற நினைப்பு. ஊரில் ஏழு வருஷம் லொறி ஓட்டிவிட்டு, 2009இல் கனடாவுக்குப் போய், அங்கே பெரிய ட்ரக் ஓட்டும் லைசன்ஸ் எடுத்தபோதும் அந்த நினைப்பு என்னோடுதான் வந்தது.

2011 ஜனவரியில் புளோரிடாவிலிருந்து தோடம்பழம் ஏற்றிக்கொண்டு ரொறன்ரோ வந்தேன். வழியில் டென்னசி மாநிலத்தில் டீசல் மலிவு. இரண்டு டாங்கியும் சேர்த்து ஆயிரம் லீற்றருக்கு மேல் பிடிக்கும், முழுக்க நிரப்பினேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். ரொறன்ரோவில் பழத்தை இறக்கியதும், வேறொரு ட்ரெய்லரைக் கொளுவிக்கொண்டு தண்டர் பேக்குப் போகச் சொன்னார்கள். மானியைப் பார்த்தேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. இருக்கிற எண்ணெய் இருக்க எதற்கு மேலே அடிப்பது என்று நேரே வடக்கே விட்டேன்.

ரொறன்ரோவில் மைனஸ் 8. நோர்த் பேயில் மைனஸ் 20. கொக்ரேனைத் தாண்டும்போது மைனஸ் 31. இரவு ஹேர்ஸ்டில் நிறுத்தினேன். 11ஆம் நெடுஞ்சாலையில் அது பிரெஞ்சு பேசும் ஒரு சின்ன ஊர். அதற்கு அப்பால் லோங்லாக் வரைக்கும் 200 கிலோமீற்றர், பெரும்பாலும் காடு. இரவில் அதற்குள் போக எனக்குத் துணிவில்லை. எஞ்சினை ஓடவிட்டுவிட்டு, பின் கட்டிலில் படுத்தேன்.

இரண்டு மணிக்கு மேல் எஞ்சின் நின்றுபோனது. திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடித்தேன். பிடிக்கும், கொஞ்சம் ஓடும், நிற்கும். நாலாவது தரம் பிடிக்கவேயில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் கண்ணாடியின் உட்பக்கம் பனி பூத்துவிட்டது. கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளும் அந்த நேரத்தில் ஏன் ஞாபகத்துக்கு வந்தன என்று கேட்காதீர்கள். சின்ன வயதில் அங்கே வாளி வாளியாக அள்ளி ஊற்றிய வெந்நீரை நினைத்துக்கொண்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு, சாப்பாட்டுக் கடைக்குள் போய் உட்கார்ந்தேன்.

அங்கே ஒரு வயதான சீக்கியர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஒன்ராறியோவில் லொறி ஓட்டியவர்களுக்குத் தெரியும், இரவில் எந்த நிறுத்துமிடத்திலும் ஒரு பஞ்சாபிக்காரராவது இருப்பார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் எஞ்சினைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எண்ணெய் எங்கே அடித்தாய் என்றார். டென்னசி என்றேன். கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார்.

ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே டீசல் இல்லை. மஞ்சளும் வெள்ளையுமாக, நுவரெலியாவில் காலையில் போத்தலுக்குள் இறுகிக் கிடக்கும் தேங்காய் எண்ணெய் மாதிரி ஒன்று இருந்தது.

தேங்காய் எண்ணெய் என்றால் நம் ஆட்களுக்கு உடனே விளங்கும். 24 பாகைக்குக் கீழே அது இறுகத் தொடங்கும். திருகோணமலையில் அது பெரும்பாலும் தண்ணியாகவே இருக்கும்; மலைநாட்டுக்குப் போனால் கரண்டியால் கிண்ட வேண்டும். எண்ணெய் கெட்டுப்போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. டீசலும் அப்படித்தான். அதற்குள் இயல்பாகவே மெழுகு கரைந்து இருக்கிறது. அது அழுக்கு அல்ல. நன்றாக எரியும் பகுதியே அதுதான். குளிர் கூடக்கூட அந்த மெழுகு பொடிப்பொடியாகப் பிரியும். முதலில் டீசல் மங்கும், தண்ணீரில் பால் ஒரு சொட்டு விட்டமாதிரி. அப்போதும் ஊற்றினால் ஓடும், பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பொடி ஃபில்டரின் கண்ணில் போய் அடையும். டாங்கிக்குள் எண்ணெய் முழுக்க இறுகும்வரை காத்திருக்கத் தேவையில்லை, அதற்கு எத்தனையோ பாகை முன்னரே ஃபில்டர் மூடிவிடும். ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிஷம் ஓடுவது, ஃபில்டருக்கு அந்தப் பக்கம் மிச்சமிருந்த எண்ணெயில். அது முடிந்ததும் எஞ்சின் பட்டினி.

தெற்கு மாநிலங்களில் விற்கும் டீசல் மைனஸ் 5, மைனஸ் 10 பாகையிலேயே மங்கத் தொடங்கக்கூடியது. அங்கே அதற்குமேல் அவர்களுக்குத் தேவையில்லை. கனடாவில் குளிர்கால டீசலை வேறு மாதிரிச் செய்கிறார்கள். ஒவ்வொரு பிரதேசத்துக்கும், மாதத்தை இரண்டாகப் பிரித்து, அந்த அரை மாதத்தில் அங்கே எவ்வளவு குளிர் வரும் என்று பார்த்து, அதற்குத் தக்கதாக எண்ணெய் இருக்க வேண்டும் என்று தரநிர்ணயம் இருக்கிறது. ஆகவே ஒக்டோபரில் நோர்த் பேயில் அடித்த டீசலும் ஜனவரியில் அதே பம்பில் அடித்த டீசலும் ஒன்றல்ல. நான் டென்னசியில் அடித்த எண்ணெயில் ஒரு குறையும் இல்லை. அதை ஹேர்ஸ்டுக்குக் கொண்டுபோனவன்தான் பிழை.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஓடும்போது லொறி பெரும்பாலும் நிற்காது. எஞ்சினுக்குப் போகும் டீசலில் ஒரு பகுதிதான் எரிகிறது. மிச்சம் சூடேறி டாங்கிக்குத் திரும்பி வரும். ஆகவே பகல் முழுக்க எல்லாம் சரி என்ற நம்பிக்கை வரும். நிறுத்தி, எஞ்சின் மெதுவாக ஓடும்போது அந்தச் சூடு போதாது. இரண்டு டாங்கியையும் இணைக்கும் குழாய் கீழே காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். முதலில் அது இறுகும். பிறகு ஒரு டாங்கியில் எண்ணெய் இருந்தும் இல்லாத கணக்கு.

அந்தச் சீக்கியர் செய்த வைத்தியத்தை அப்படியே சொல்கிறேன், அதைத்தான் நான் பிறகு பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என்னிடம் வெள்ளைப் போத்தல் மருந்து ஒன்று இருந்தது. எஞ்சின் நின்ற பிறகு பயத்தில் அதை டாங்கிக்குள் ஊற்றியிருந்தேன். அவர் சிரித்தார். வெள்ளைப் போத்தல் மெழுகு பிரியும் முன்னர் போடுவது. பிரிந்த மெழுகை அது கரைக்காது. பிரிந்த பிறகு போடுவதற்குச் சிவப்புப் போத்தல் வேறாக இருக்கிறது. லொறிக்காரர்கள் இரண்டையும் நிறத்தை வைத்தே கேட்டு வாங்குவார்கள். அவர் புது ஃபில்டர் ஒன்றை எடுத்து, சிவப்புப் போத்தல் மருந்தும் அந்த ஊர்க் குளிர்கால டீசலும் சரிபாதியாகக் கலந்து, ஃபில்டரின் வெளிச்சுற்றில் இருக்கும் சின்னத் துளைகள் வழியாக நிரப்பினார். நடுத் துளையில் ஊற்றினால் வடிகட்டாத எண்ணெய் நேரே எஞ்சினுக்குள் எண்ணெய் பீச்சும் இன்ஜெக்டருக்குப் போய்விடும். மிச்ச மருந்தை இரண்டு டாங்கிக்கும் பிரித்து விட்டார். கைப்பம்பை அது இறுகும்வரை அமத்தச் சொன்னார். பிறகு அரை மணித்தியாலம் ஒன்றும் செய்யாதே, மருந்து ஊறட்டும் என்றார். எனக்கு அந்த அரை மணித்தியாலம் ஸ்டார்ட்டரில் கை போய்க்கொண்டே இருந்தது. அப்படித் தொடர்ந்து அடித்துத்தான் பற்றரியைச் சாகடிப்பது. பற்றரிக்கே அந்தக் குளிரில் பாதிப் பலம்கூட இராது.

இரண்டாவது ஃபில்டரும் போட வேண்டி வந்தது. புறப்படும்போது பதினொரு மணி. மருந்து, ஃபில்டர் செலவு என் தலையில்தான். கம்பனியில் கேட்டதற்கு, தெற்கு எண்ணெயோடு வடக்கே போகச் சொன்னது யார் என்று திருப்பிக் கேட்டார்கள். கோபம் வந்தது, பதில் வரவில்லை.

அன்றைக்கு ஒரு பழக்கம் பிடித்தேன். எண்ணெயை மலிவான இடத்தில் நிரப்புவதை விட்டுவிட்டேன். இன்றிரவு எங்கே தூங்கப்போகிறேனோ அந்த ஊருக்குச் செய்த எண்ணெய்தான் டாங்கியில் இருக்க வேண்டும். தெற்கே போனால் வீடு திரும்பும் அளவுக்கு மட்டும் அடிப்பேன். எல்லை தாண்டும்போது டாங்கி கால்வாசிக்கு வந்திருக்கும். வடக்கே ஏறும் வழியில், குளிர் பிடிக்கும் முன்னரே, அங்கத்தைய எண்ணெயால் நிரப்புவேன். வெள்ளைப் போத்தலை முதலில் ஊற்றிவிட்டுப் பிறகு எண்ணெய் அடிப்பேன், அப்போதுதான் கலக்கும். போத்தலை வெளிப்பெட்டியில் வைப்பதில்லை, சீற்றுக்குப் பின்னால் சூட்டில்தான். மருந்தே இறுகிப்போனால் யாருக்கு வைத்தியம் பார்ப்பது? சில மாநிலங்களில் பம்பில் பயோடீசல் கலந்தது என்று எழுதியிருப்பார்கள். கோடையில் பரவாயில்லை. குளிர்காலத்தில் நான் அதைத் தொடமாட்டேன். தாவர எண்ணெயிலும் கொழுப்பிலும் செய்வது. நம் தேங்காய் எண்ணெயின் குணம் அதிலும் இருக்கும், சாதாரண டீசலை முந்திக்கொண்டு இறுகும்.

இனி மண்ணெண்ணெய் விஷயம். இதில்தான் ஊர்க்காரர் எல்லோரும் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

நம் ஊரில் டீசலுக்குள் மண்ணெண்ணெய் விடுகிறவனைக் கள்ளன் என்போம். மீன்பிடிக்காரரின் படகு எஞ்சினுக்கும் குப்பி விளக்குக்கும் என்று மலிவாகக் கொடுத்ததை பஸ்ஸுக்கும் லொறிக்கும் ஊற்றிக் காசு பார்த்தவர்கள் இருந்தார்கள். எஞ்சின் தட்டும், பம்ப் தேயும். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, வடக்கு ஒன்ராறியோவில் பழைய ட்ரைவர்கள் நல்ல பிள்ளைகள் மாதிரி நின்று டாங்கிக்குள் மண்ணெண்ணெய் ஊற்றுவதைக் கண்டபோது தலை சுற்றியது. அங்கே அது மருந்து. ‘நம்பர் ஒன்’ என்று பம்பில் விற்பது ஏறக்குறைய மண்ணெண்ணெய் இனம்தான். மெழுகு குறைவு, ஆகவே குளிருக்குத் தாங்கும். பத்தில் ஒரு பங்கு கலந்தால் டீசல் அடைக்கும் பாகை ஏறக்குறைய இரண்டு பாகை கீழே போகும் என்று ஒரு கைக்கணக்கு வைத்திருந்தார்கள். ஆனால் சும்மா கிடைக்காது. அதில் சக்தி குறைவு, அதே தூரத்துக்குக் கூட எண்ணெய் குடிக்கும். வழுவழுப்பும் குறைவு, பம்புக்கு நல்லதல்ல. இப்போதைய ட்ரக்குகளின் புகைக்குழாய் வடிகட்டிக்குக் கந்தகம் மிகக் குறைந்த எண்ணெய்தான் ஒத்துக்கொள்ளும்; வீட்டு அடுப்புக்கு வாங்கும் மண்ணெண்ணெயை விட்டால் செலவு லட்சத்தில் வரும். ஆகவே பம்பில் கலந்தே விற்கும் குளிர்கால டீசலை வாங்குவது உத்தமம். திருகோணமலையில் இதைச் செய்ய ஒரு காரணமும் இல்லை. நுவரெலியாவில் தேயிலைக் கொழுந்தில் உறைபனி விழும் காலத்திலும் நான் அங்கே மரக்கறி ஏற்றப் போயிருக்கிறேன். டீசல் ஒருநாளும் இறுகியதில்லை. கள்ளன் இங்கே கள்ளன்தான்.

செய்யவே கூடாதவை மூன்று பார்த்திருக்கிறேன். டாங்கிக்குக் கீழே மட்டை கொளுத்தியது ஒன்று. டீசலோடு பெற்றோல் கலந்தது இன்னொன்று. பற்றிக்கொள்ளும் ஆபத்து ஒருபக்கம், பம்ப் காய்ந்து பிடிப்பது மறுபக்கம். பிரேக் காற்றுக் குழாய் உறையாமலிருக்க விடும் அற்ககோலை எண்ணெய் டாங்கிக்குள் விட்டது மூன்றாவது. மூன்றையும் செய்தவர்கள் அனுபவசாலிகள் என்று பெயர் எடுத்தவர்கள்.

சரி, மருமகனிடம் வருகிறேன்.

எண்ணெய் எங்க அடிச்சாய் என்று கேட்டேன் அல்லவா. “நோர்த் பேயில, மாமா. நேற்று மத்தியானம். ஃபுல் டாங்கி” என்றான்.

நோர்த் பேயில் ஜனவரியில் அடித்த எண்ணெய் மைனஸ் 33இல் இப்படி நிற்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், “அவன் உனக்குப் பழைய எண்ணெய் அடிச்சிருப்பான், அது மெழுகுதான், சிவப்புப் போத்தலை எடு” என்று சொன்னேன். பதினாலு வருஷத்துக்கு முன் நான் பட்ட அடி அப்படி; எந்த லொறி நின்றாலும் எனக்கு டென்னசிதான் தெரியும். அவனும் ஒரு வார்த்தை பேசாமல் வீடியோவைப் போட்டுவிட்டு ஃபில்டரைக் கழற்றினான். கை நடுங்குவது தெரிந்தது. கையுறையைக் கழற்றாதே என்று கத்தினேன். வெறும் கையில் அந்தக் குளிரில் இரும்பைப் பிடித்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். டீசல் பட்டால் இன்னும் மோசம், அது உறையாமலே கையை உறைய வைக்கும்.

உள்ளே டீசல் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. மங்கல் இல்லை, மெழுகு இல்லை. கீழே, தண்ணீர் பிரிந்து தங்கும் கிண்ணத்தில், வெள்ளையாக ஒரு கட்டி. அவன் ஸ்குரூட்ரைவரால் தட்டினான். டக் டக் என்றது.

“மெழுகில்லை மாமா. ஐஸ்.”

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு, “தண்ணியைக் கடைசியா எப்ப திறந்து விட்டாய்?” என்று கேட்டேன்.

“அதைத் திறந்து விடுறதா?”

இரண்டு மாதமாக அந்த ட்ரக்கை ஓட்டுகிறான். காசு நெருக்கடியில் முதல் ஒன்றரை மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக அடித்து, டாங்கியைக் கால்வாசியிலேயே வைத்திருந்திருக்கிறான். காலியான இடமெல்லாம் காற்று. பகலில் சூடான டாங்கி இரவில் குளிரும்போது அந்தக் காற்றின் ஈரம் சுவரில் வியர்த்து உள்ளே வடியும். தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் போய்க் கிடக்கும், அங்கிருந்து ஃபில்டருக்கு இழுபடும். மெழுகு வர மைனஸ் பத்து இருபது வேண்டும். தண்ணீர் உறையப் பூச்சியத்துக்குக் கொஞ்சம் கீழே போனாலே போதும். இரண்டு நோய்க்கும் வெளியில் தெரியும் குறி ஒன்றுதான்: ஸ்டார்ட் ஆகும், ஓடும், நிற்கும். திறந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். மெழுகு என்றால் விரலில் நெய்யாகப் பிசுபிசுக்கும். ஐஸ் என்றால் தட்டினால் சத்தம் கேட்கும்.

கடையில் வெந்நீர் வாங்கி, துணியில் நனைத்து, கிண்ணத்தைச் சுற்றிக் கட்டச் சொன்னேன். நெருப்பைக் கிட்டக் கொண்டுபோகாதே என்று இரண்டு தரம் சொன்னேன். ஐஸ் இளகியதும் கிண்ணத்தைத் திறந்து தண்ணீரை ஊற்றினான். புது ஃபில்டரைச் சிவப்புப் போத்தலோடு போட்டான். அந்த மருந்து ஐஸையும் இளக்கும், ஆகவே நான் நோயைப் பிழையாகச் சொல்லியும் மருந்து சரியாக விழுந்தது. அக்காவிடம் அவன் இதை எப்படிச் சொல்லியிருப்பான் என்று தெரியாது. நான் சரியான நேரத்தில் சரியான மருந்து சொன்னதாகத்தான் அக்கா நினைத்துக்கொண்டிருக்கிறா. நானும் திருத்தவில்லை.

வேலை நடக்கும்போதே மற்ற விஷயங்களையும் கேட்டு வைத்தேன். எஞ்சின் எண்ணெய் ஐந்து டபிள்யூ நாற்பதா, பதினைந்து டபிள்யூ நாற்பதா? பின்னது அந்தக் குளிரில் தேன் மாதிரி நிற்கும். எஞ்சினைச் சூடாக்கும் மின்கம்பியைக் கொளுவுகிறாயா? கொளுவ இடமிருந்தால் புறப்படுவதற்கு நாலு மணித்தியாலம் முன்னர் கொளுவினால் போதும். முன் கிறிலுக்குக் குளிர்ப் படங்கு போட்டிருக்கிறாயா? பிரேக் காற்று டாங்கியின் தண்ணீரைத் தினமும் இழுத்துவிடுகிறாயா? எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றான். எத்தனை ஓம் உண்மை என்று அவனுக்குத்தான் வெளிச்சம்.

புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் அந்த யூரியாத் தண்ணீரைப் பற்றியும் பயந்துபோய்க் கேட்டான், அது உறைந்துவிட்டதாக மானி காட்டுகிறதாம். அதற்குப் பயப்படத் தேவையில்லை. நூற்றுக்கு 32.5 பங்கு யூரியாவும் மிச்சம் தண்ணீரும். மைனஸ் 11இல் உறைவது அதன் இயல்பு. எஞ்சின் சூடானதும் அதைச் சுற்றி ஓடும் சூட்டுத் தண்ணீரே யூரியாவை இளக்கும், அதுவரை லொறி ஓட விடும். உறையும்போது பெருக்கும் என்பதால் அந்த டாங்கியை மட்டும் விளிம்புவரை நிரப்பி நிறுத்தக்கூடாது. யூரியா என்றதும், “தம்பலகாமத்தில வயலுக்குப் போடுறதுதானே, அதைக் கரைச்சு விட்டா மலிவுதானே மாமா” என்றான். அந்தக் குளிரிலும் அவனுக்குக் கணக்கு வந்தது. போட்டால் அடுத்த மாதம் ட்ரக்கையே வயலில் விட வேண்டியதுதான் என்றேன். வயல் யூரியாவில் இருக்கும் கசடும் பூச்சும் அந்த இயந்திரத்துக்கு ஆகாது.

ஏழரை மணிக்கு அவனுடைய எஞ்சின் பிடித்தது. எனக்கு இங்கே மாலை ஆறு மணி, இருட்டத் தொடங்கிவிட்டது.

தண்ணீரை நான் மறந்ததுதான் என்னை உறுத்தியது. மெழுகை நான் கனடாவில்தான் படித்தேன். தண்ணீர் எனக்கு ஊர்ப் பாடம். கடற்காற்று, மார்கழி மழை, அரைவாசி டாங்கி. இங்கே லொறி வைத்திருப்பவனுக்கு டீசலில் தண்ணீர் என்பது குளிரே இல்லாமல் வரும் நோய். 2022இல் பெற்றோல் செட் வரிசையில் இரண்டு நாள், மூன்று நாள் கிடந்த காலத்தில், ஜூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்கு ஏறியபோது, கிடைத்ததையெல்லாம் கானிலும் பரலிலும் சேர்த்து வைத்தோம். நானும் ஒரு பரல் வைத்திருந்தேன். எண்ணெய்ப் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்து வரிசை குறைந்த பிறகு அந்தப் பரலை மறந்தே போனேன். அடுத்த வருஷம் அதை எடுத்து லொறிக்கு விட்டேன். ஒரு மாதத்தில் மூன்று ஃபில்டர். வெட்டிப் பார்த்தால் கறுப்பாக, சளி மாதிரி. பரலின் அடியில் தேங்கிய தண்ணீருக்கும் மேலே நின்ற டீசலுக்கும் நடுவில் கிருமி வளர்ந்து பாசி கட்டியிருந்தது. கராஜில் பாஸ் அதை மோந்து பார்த்துவிட்டு, “இது எண்ணெய் இல்லை அண்ணன், குளத்துச் சேறு” என்றார். டாங்கியைக் கழற்றிக் கழுவிய செலவில் அந்தப் பரலை இரண்டு தரம் நிரப்பியிருக்கலாம்.

அதன் பிறகு ஒழுங்காக இருந்தேன். மாலையில் வந்ததும் டாங்கியை நிரப்பி நிறுத்துவது, பவுசர் இறக்கிக்கொண்டிருக்கும் செட்டில் அடிக்காமல் வருவது, ஏனென்றால் அப்போது அடியில் கிடக்கும் கசடும் தண்ணீரும் கலங்கி நிற்கும். இரண்டு கிழமைக்கு ஒருதரம் கிண்ணத்தைத் திறந்து விடுவது. இதையெல்லாம் அன்றைக்கு மருமகனுக்கு விரிவாகச் சொன்னேன். கொஞ்சம் கூடவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. “சரி மாமா, சரி மாமா” என்று லைனை வெட்டப் பார்த்தான்.

போனை வைத்துவிட்டு டோர்ச்சை எடுத்துக்கொண்டு வளவுக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. என்னுடைய பழைய இசுசு எல்ஃப் படங்கோடு நனைந்துகொண்டு நின்றது. கடைசியாக எப்போது திறந்து விட்டேன் என்று யோசித்தேன். ஒக்டோபரா, செப்டம்பரா? மழைக்காலம் தொடங்க முன்னர் என்பது மட்டும் நிச்சயம். கீழே குனிந்து, தேத்தண்ணி கிளாஸைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தின் திருகாணியை இளக்கினேன். கிளாஸில் பாதிக்கு மேல் வந்த பிறகுதான் டீசல் நிறம் தெரிந்தது.

படம் எடுத்தேன். மருமகனுக்கு அனுப்பவில்லை.